நல்லொலியும் நிலக்கம்பியும்

சிங்கப்பூரில் 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாளும், மலேசியாவில் அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் நாளும் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கிற்று. அக்காலத்து எளிய வீடுகளின் கூடத்திற்கு ஒரு விளக்கு, ஒரு விசிறி, வானொலிப் பெட்டிக்கென ஒரு செருகுவாய் இருந்தால் போதும் என்று கருதப்பட்டது. இன்று அதே கூடத்தில் தொலைக்காட்சி, வட்டத்தட்டு அலைவாங்கியின் பெட்டி, இணையப் பெட்டி, ஆம்ப்ளிபயர், தாழ்சுருதி ஒலிப்பெட்டி, படச்சுழல் கருவி எனப் பலவும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. கருவிகள் பெருகின, சுவரிலுள்ள செருகுவாய்கள் பெருகவில்லை. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள குறையைத் துணைப் பலகைகளும் அவற்றின்மேல் செருகிய துணைப் பலகைகளும் நிரப்பி வருகின்றன.

இத்தகைய கூடங்களில் ஒரு குறை அடிக்கடி கேட்கப்படும். பாட்டு நிற்கும்போது ஒலிப்பெட்டியிலிருந்து வண்டு முரல்வது போன்ற மெல்லிய ரீங்காரம் வரும். இதனைத் தீர்க்க மக்கள் இரண்டு வழிகளை நாடுகின்றனர். பொருள் உள்ளவர் பன்னூறு வெள்ளி கொடுத்துத் தடித்த மின்கம்பியும் பொன்முலாம் பூசிய செருகுவாயும் வாங்குகின்றனர். பொருள் இல்லாதவர் செருகியைத் திறந்து அதிலுள்ள நிலக்கம்பியைக் கழற்றிவிடுகின்றனர். முதல் வழியால் பெரும்பாலும் ரீங்காரம் போவதில்லை. பணம் மட்டும் போகிறது. இரண்டாம் வழியால் ரீங்காரம் போவதுண்டு. அதனோடு வீட்டாரின் உயிர்க்காவலும் போகிறது. ஆகவே ஒலி, படக் கருவிகளுக்கான மின்னிணைப்பை எவ்வாறு தேர்ந்துகொள்வது என்பது இன்ப நுகர்ச்சி பற்றிய செய்தி மட்டுமன்று. குடும்பப் பாதுகாப்புப் பற்றிய செய்தியும் ஆகும்.

மூன்று கம்பிகளின் பணி

பிளக் என்று வழங்குவதைச் செருகி என்றும், சாக்கெட் என்று வழங்குவதைச் செருகுவாய் என்றும் இக்கட்டுரை குறிக்கும். வயர்மேன்கள் லைவ், நியூட்ரல், எர்த் என்று கூறும் மூன்றும் முறையே மின்னோட்டக் கம்பி, நடுநிலைக் கம்பி, நிலக்கம்பி ஆகும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமும் நொடிக்கு 50 சுழற்சியும் உடையது. மலேசியாவில் முன்னர் 240 வோல்ட் என்று குறிக்கப்பட்டது. 2008 முதல் 230 வோல்ட் என்பதே முறையான அளவு. செருகி, 1947இல் பிரிட்டனில் வகுக்கப்பட்ட முப்பல் அமைப்பைச் சார்ந்தது. அதன் தாங்கும் அளவு 13 ஆம்பியர்.

மின்னோட்டக் கம்பி மின்சாரத்தைக் கொணர்கிறது. நடுநிலைக் கம்பி அதனைத் திரும்பக் கொண்டு செல்கிறது. இவ்விரண்டும் இருந்தாலே கருவி இயங்கும். அப்படியாயின் மூன்றாவது கம்பி எதற்கு என்னும் ஐயம் எழுதல் இயல்பு. நிலக்கம்பி நாள்தோறும் வேலை செய்யும் கம்பியன்று. கருவியின் உள்ளே காப்புறை பழுதாகி, மின்னோட்டக் கம்பி உலோகக் கூட்டைத் தொடும் ஒரு நாளுக்காகவே அது காத்திருக்கிறது. அந்நாளில் மின்சாரத்தை மனிதர் உடல் வழியே செல்லவிடாமல், தன் வழியே மண்ணுக்குச் செலுத்துவது அதன் கடமை. செருகியிலுள்ள மூன்று பற்களுள் நிலப்பல் மட்டும் நீளமாக இருத்தலைக் காணலாம். செருகும்போது அது முதலில் தொட வேண்டும். கழற்றும்போது இறுதியில் விலக வேண்டும். செருகுவாயின் மற்ற இரு துளைகளையும் மூடியிருக்கும் சிறு கதவுகளைத் திறப்பதும் அந்தப் பல்லே.

கம்பிகளின் நிறத்தில் ஒரு நுட்பம் உண்டு. கருவியோடு வரும் நெகிழ்கம்பியில் மின்னோட்டக் கம்பி பழுப்பு நிறம். நடுநிலைக் கம்பி நீலம். நிலக்கம்பி பச்சையும் மஞ்சளும் கலந்தது. சுவரினுள் ஓடும் பழைய கம்பிகளிலோ சிவப்பு, கறுப்பு, பச்சை என்னும் நிறங்கள் முறையே காணப்படும். பழைய மும்முனை அமைப்பில் மின்னோட்டக் கம்பிகள் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்று நிறங்களிலும் வரும். எனவே ஓரிடத்தில் நடுநிலையைக் குறிக்கும் நீலம், வேறோரிடத்தில் 230 வோல்ட்டைச் சுமந்து நிற்கக்கூடும். சிங்கப்பூரில் 2009 முதல் புதிய வேலைகளுக்குப் புதிய நிறமுறை வந்துள்ளது. பழைய வீடுகளில் பழைய நிறமே நிலவுகிறது. நிறத்தை மட்டும் நம்பிக் கம்பியைத் தொடுதல் கூடாது என்பது இதனால் விளங்கும்.

எவ்வளவு மின்சாரம் தேவை?

ஒலி, படக் கருவிகள் மிகுந்த மின்சாரத்தை உண்பவை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை வேறாக இருக்கிறது. 55 அங்குலத் தொலைக்காட்சி ஏறத்தாழ 100 முதல் 150 வாட் வரை எடுக்கும். ஆம்ப்ளிபயரின் பின்புறத்தில் 400 வாட் என்று எழுதியிருந்தாலும், வீட்டில் கேட்கும் அளவான ஒலிக்கு அது அதில் ஒரு பகுதியையே எடுக்கும். தாழ்சுருதி ஒலிப்பெட்டிக்கு 100 வாட் என்றும், சிறு பெட்டிகள் ஒவ்வொன்றுக்கும் 10 முதல் 20 வாட் என்றும் கொள்ளலாம். எல்லாவற்றையும் உச்ச அளவில் கூட்டினாலும் 800 வாட்டை ஒட்டியே நிற்கும். 800ஐ 230ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3.5 ஆம்பியர். 13 ஆம்பியர் செருகுவாய் ஒன்றின் ஆற்றல் 2,990 வாட். ஒரு மின்கெண்டி மட்டும் 2,000 வாட்டுக்கு மேல் எடுக்கிறது என்பதை எண்ணினால், முழு இசைக்கூடமும் ஒரு கெண்டியின் பாதிக்கும் குறைவாகவே உண்கிறது என்பது தெளிவாகும்.

அவ்வாறாயின் செருகுவாய்கள் பல வேண்டுவது ஏன்? மின்சாரம் போதாமையால் அன்று, இணைப்புகள் மிகுவதால்தான். ஆறு கருவிகளுக்கு ஆறு செருகிகள் உள்ளன. சுவரில் ஒரு வாய் மட்டுமே இருந்தால், ஒரு துணைப் பலகையின் வாலில் மற்றொரு பலகை தொங்கும். ஒவ்வொரு தொடுப்பும் தளர்வதற்குரிய ஓர் இடம். நிலக்கம்பி அறுபடுவதற்குரிய ஓர் இடம். ஆகவே புதிதாக வீட்டைச் செப்பனிடுவோர், தொலைக்காட்சி நிற்கும் சுவரில் மூன்று இரட்டைச் செருகுவாய்களை அருகருகே அமைத்துக்கொள்வது நலம். அவை மூன்றும் ஒரே இணைப்பிலிருந்து பிரிய வேண்டும். இதன் மற்றொரு பயன் பின்னர் விளங்கும்.

அந்த இணைப்பு, மின்பலகையிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனியாக வந்து, 20 ஆம்பியர் தானியங்கித் துண்டிப்பானால் காக்கப்படுதல் தக்கது. குளிர்பதனப் பெட்டி, காற்றுக் குளிரூட்டி, நீர்ச் சூடேற்றி ஆகியவை அதனோடு சேரலாகாது. குளிர்பதனப் பெட்டி தொடங்கும்போதும் நிற்கும்போதும் ஒலிப்பெட்டியில் கேட்கும் ‘டிக்’ என்னும் வெடிப்பு, ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்வதாலேயே பெரும்பாலும் வருகிறது. மங்கலாக்கும் விளக்குச் சுவிட்சும் இத்தகைய தொல்லையைத் தரும்.

பெரிய மின்மாற்றி உள்ள ஆம்ப்ளிபயர், சுவிட்சைப் போட்ட நொடியில் வழக்கத்தைவிடப் பன்மடங்கு மின்சாரத்தை இழுக்கும். ‘பி’ வகைத் துண்டிப்பான் தன் அளவின் 3 முதல் 5 மடங்கில் உடனே விழும். ‘சி’ வகை 5 முதல் 10 மடங்கில் விழும். ஆம்ப்ளிபயரைப் போடும்போதெல்லாம் துண்டிப்பான் விழுந்தால், பெரிய அளவுத் துண்டிப்பானை மாட்டுவது தவறு. அளவு அதே 20 ஆம்பியராக இருக்க, ‘சி’ வகை பொருந்துமா என்று வயர்மேனைக் கேட்பதே முறை. துண்டிப்பானின் அளவு கம்பியின் பருமனைக் காப்பதற்காக அமைந்தது. கருவியின் வசதிக்காக அதனை உயர்த்தினால் சுவரினுள் கம்பி சுடும்.

கம்பியின் பருமன் எங்கே பயன்படும்?

ஜார்ஜ் ஓம் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1827இல் வெளியிட்ட விதியை மேல்வகுப்பு மாணவர் அறிவர். மின்னழுத்த இழப்பு என்பது மின்னோட்டத்தையும் தடையையும் பெருக்கிய அளவு. இவ்விதியை வீட்டுக் கம்பிக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 7.4 ஓம். மின்பலகையிலிருந்து கூடம் 20 மீட்டர் தொலைவு எனக் கொண்டால், போக்கும் வரவும் சேர்ந்து 40 மீட்டர். தடை 0.3 ஓம். அதன் வழியே 3.5 ஆம்பியர் ஓடினால் இழப்பு ஏறத்தாழ 1 வோல்ட். 230இல் ஒன்று குறைந்து 229 வோல்ட் கருவியைச் சேரும். நாளின் பல வேளைகளில் தெருவின் மின்னழுத்தமே இதைவிட மிகுதியாக ஏறியிறங்குகிறது. அன்றியும் ஆம்ப்ளிபயர் இம்மின்சாரத்தை அப்படியே இசையாக்குவதில்லை. முதலில் நேர்மின்சாரமாக மாற்றி, மின்தேக்கிகளில் சேமித்து, பிறகே பயன்படுத்துகிறது. மின் நிலையத்திலிருந்து பல மைல்கள் எளிய கம்பியில் வந்த மின்சாரம், கடைசி ஒரு மீட்டரில் மட்டும் விலையுயர்ந்த கம்பியில் ஓடுவதால் தன் இயல்பை மாற்றிக்கொள்ளுமா என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனினும் கம்பியின் பருமன் உண்மையாகவே பயன்படும் ஓரிடம் உண்டு. அது ஆம்ப்ளிபயருக்கும் ஒலிப்பெட்டிக்கும் இடையே ஓடும் கம்பி. ஒலிப்பெட்டியின் தடை 4 அல்லது 8 ஓம் மட்டுமே. 0.75 சதுர மில்லிமீட்டர் மெல்லிய கம்பியை 10 மீட்டர் தொலைவுக்கு இழுத்தால், போக்குவரவுத் தடை ஏறத்தாழ அரை ஓம். 4 ஓம் ஒலிப்பெட்டியின் முன் அரை ஓம் என்பது சிறிதன்று. அழுத்தத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வழியிலேயே கழிந்துவிடும். அவ்விடத்தில் 2.5 சதுர மில்லிமீட்டர் நெகிழ்கம்பியை இட்டால் இழப்பு நூற்றுக்கு நான்காகக் குறையும். அதற்குச் சாதாரணச் செம்புக் கம்பியே போதும். மின்கம்பிக்குச் செலவிட எண்ணிய பணத்தில் ஒரு சிறு பகுதியை இங்கே செலவிட்டால் காதுக்குப் பயன் தெரியும்.

செருகுவாயைத் தேர்தல்

செருகுவாயின் சிறப்பு அதன் முகப்பின் பளபளப்பில் இல்லை. உள்ளே பல்லைக் கவ்வும் பித்தளைப் பிடியில் இருக்கிறது. பிடி தளர்ந்தால் அங்கே தடை மிகும். தடை மிக்க இடத்தில் வெப்பம் பிறக்கும். தளர்ந்த தொடுப்பின் தடை அரை ஓம் என்றும், அதன் வழியே 10 ஆம்பியர் ஓடுகிறது என்றும் கொண்டால், 50 வாட் வெப்பம் அந்தச் சிறு இடத்தில் தோன்றும். ஒரு பற்றவைப்புக் கோலின் வெப்பம் நெகிழிக் கூட்டுக்குள் அடைபட்டிருப்பதற்கு இது ஒப்பாகும். இசைக்கருவிகளின் குறைந்த மின்னோட்டத்தில் வெப்பம் சிறிதே எனினும், தளர்ந்த தொடுப்பில் எழும் நுண்பொறிகள் ஒலியில் கரகரப்பாகக் கேட்கும். செருகி சூடாதல், பற்கள் கறுத்தல், மீன் நாற்றம் போன்ற வாடை, செருகியை அசைத்தால் ஒலி விட்டுவிட்டு வருதல் ஆகியவை செருகுவாயை உடனே மாற்ற வேண்டும் என்பதன் அறிகுறிகள்.

வாங்கும்போது மலேசியாவில் சிரிம் முத்திரையும், சிங்கப்பூரில் பாதுகாப்பு முத்திரையும் உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். துணைப் பலகை வாங்குவோர் இதனை இருமடங்கு கவனித்தல் நன்று. மலிவான பலகைகள் சிலவற்றில் முப்பல் வாய் இருக்கும், உள்ளே நிலக்கம்பியே இராது.

செருகியினுள் உள்ள பியூஸ் கருவியைக் காப்பதற்கன்று; கருவியின் நெகிழ்கம்பியைக் காப்பதற்கு. 700 வாட்டுக்குக் குறைந்த கருவிகளுக்குப் பொதுவாக 3 ஆம்பியர் பியூஸ் தக்கது; எனினும் தயாரிப்பாளர் குறித்த அளவே முடிவானது. எரிந்த பியூசுக்கு மாற்றாகச் சிகரெட்டுப் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி வைக்கும் வழக்கம் வீட்டுக்குத் தீ வைப்பதற்கு நிகர்.

மற்றொரு வழக்கமும் இங்குக் குறிக்கத்தக்கது. இருபல் செருகியோடு வரும் கருவியை முப்பல் வாயில் மாட்டுவதற்கு, நிலத்துளையில் பேனா முனையையோ திருப்புளியையோ நுழைத்துக் கதவைத் திறக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. சிறுவர் கையிலிருந்து மின்சாரத்தை மறைக்க வைத்த கதவு அது. பெரியவர் அதனைத் திறக்கும் வழியைச் சிறுவர் பார்த்துக்கொண்டே இருக்கின்றனர். முத்திரை பெற்ற மாற்றுச் செருகி சில வெள்ளிக்குக் கிடைக்கும்போது இப்பழக்கத்துக்கு இடமில்லை.

ரீங்காரம் பிறக்கும் விதம்

இப்போது ரீங்காரத்தின் காரணத்தை ஆராயலாம். ஒரு கருவியிலிருந்து மற்றொரு கருவிக்கு ஒலிக்குறியைக் கொண்டு செல்லும் கம்பியில், நடுவே ஒரு மெல்லிழையும் அதனைச் சுற்றி உலோக வலையும் உண்டு. அந்த வலை இரு கருவிகளின் உலோகக் கூடுகளையும் இணைத்துவிடுகிறது. அவ்விரு கூடுகளும் ஏற்கெனவே தத்தம் நிலக்கம்பி வழியே மண்ணோடு இணைந்துள்ளன. ஆக, இரண்டு கருவிகளுக்கும் இடையே இரண்டு வழிகள் அமைகின்றன: ஒன்று நிலக்கம்பி வழி, மற்றொன்று ஒலிக்கம்பியின் வலை வழி. இரண்டும் சேர்ந்து ஒரு வளையமாகின்றன. இதனை நிலவளையம் எனலாம்.

கூடத்தின் ஒரு மூலையிலுள்ள செருகுவாயின் நிலக்கம்பியும் மறுமூலையிலுள்ளதன் நிலக்கம்பியும் நுண்ணிய அளவில் வேறுபட்ட அழுத்தத்தில் இருக்கக்கூடும். அருகில் ஓடும் மின்கம்பிகளின் காந்தப் புலமும் வளையத்தில் மின்சாரத்தைத் தூண்டும். அதனால் வலை வழியே சிறிது மின்சாரம் சுழல்கிறது. அது ஒலிக்குறியோடு கலந்துவிடுகிறது. ஒலிக்குறியின் அளவு 1 வோல்ட் என்றால், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கலந்தாலே அமைதியான இரவில் செவிக்கு எட்டும். மின்சாரம் நொடிக்கு 50 முறை சுழல்வதால் அந்த ஒலியும் 50, 100 என்னும் அதிர்வெண்களில் தாழ்ந்த சுருதியில் எழுகிறது.

மலேசிய வீடுகளில் இவ்வளையம் பெரும்பாலும் அலைவாங்கிக் கம்பியின் வழியே மூடுகிறது. கூரைமேல் உள்ள தட்டோ கம்பமோ தனியே மண்ணோடு இணைக்கப்பட்டிருக்கும். அதன் கம்பி தொலைக்காட்சியையும், தொலைக்காட்சி ஆம்ப்ளிபயரையும் தொடுகின்றன. வளையம் கூரை முதல் தரைவரை விரிந்துவிடுகிறது.

நிலக்கம்பியைக் கழற்றினால்

ஆம்ப்ளிபயரின் நிலக்கம்பியைக் கழற்றினால் வளையம் அறுபடும், ரீங்காரம் அடங்கும். இதனாலேயே இவ்வழி மக்களிடையே பரவியது. ஆனால் என்ன இழக்கப்பட்டது என்பதைக் கருத வேண்டும்.

மலேசியத் தரைவீடுகள் பெரும்பாலும் தம் நிலத்தில் அடித்த செம்புக் கோல் வழியே மண்ணோடு இணைந்துள்ளன. அவ்விணைப்பின் தடை 10 ஓம் எனக் கொண்டால், கருவியின் கூட்டை மின்னோட்டக் கம்பி தொடும்போது மண் வழியே ஓடுவது 23 ஆம்பியர் மட்டுமே. 20 ஆம்பியர் துண்டிப்பான் இவ்வளவுக்கு விரைந்து விழாது. 32 ஆம்பியர் துண்டிப்பான் விழவே விழாது. அந்நேரத்தில் குடும்பத்தைக் காப்பது மின்கசிவுத் துண்டிப்பான் ஒன்றே. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் ஒத்திருக்கின்றனவா என்று அது இடைவிடாது ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டாலே நொடியின் ஒரு சிறு கூறில் மின்சாரத்தை நிறுத்திவிடும். நிலக்கம்பி இருந்தால் பழுது நேர்ந்த அக்கணமே கசிவு தோன்றி, எவரும் தொடுமுன் இணைப்பு அறுபடும். நிலக்கம்பி இல்லையேல் கசிவதற்கு வழியில்லை. கூடு 230 வோல்ட்டோடு ஓசையின்றிக் காத்திருக்கும். அதைத் தொடும் முதல் மனிதரின் உடலே கசிவுக்கு வழியாகும்.

ஈரக் கையோடும் வெறுங்காலோடும் நிற்பவரின் உடல் தடை 1,500 ஓம் எனக் கொண்டால், ஓடக்கூடியது 150 மில்லி ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க இது போதும். 30 மில்லி ஆம்பியர்த் துண்டிப்பான் நல்ல நிலையில் இருந்தால் அவர் பிழைப்பார். பழைய வீடுகள் பலவற்றிலோ முழு வீட்டுக்கும் 100 மில்லி ஆம்பியர்த் துண்டிப்பான் ஒன்றே உண்டு. அதுவும் ஆண்டுக்கணக்காகச் சோதிக்கப்படாமல் இருக்கலாம். சிங்கப்பூரில் 1985 ஜூலை முதல் புதிய வீடுகளுக்கு இத்துண்டிப்பான் கட்டாயமாயிற்று. 2023 ஜூலையில் அது எல்லா வீடுகளுக்கும் விரிந்து, பழைய வீடுகளுக்கு 2025 ஜூலைவரை தவணை தரப்பட்டது. ஒரு நாட்டின் அரசு இத்துணை வலியுறுத்தும் காவலை, மெல்லிய ரீங்காரம் ஒன்றுக்காக ஒருவர் திருப்புளியால் பாதியாக்குவது பேதைமை.

இன்னும் ஒன்று. நிலக்கம்பி இழந்த ஆம்ப்ளிபயர் பழுதானால், மின்சாரம் ஒலிக்கம்பியின் மெல்லிய வலை வழியே அடுத்த கருவிக்கு ஓடும். அவ்வலை பெரிய மின்னோட்டத்தைத் தாங்காது, எரியும். ஒரு கருவியின் பழுது எல்லாக் கருவிகளின் பழுதாகும்.

இருபல் செருகியோடு விற்கப்படும் கருவிகளைக் கண்டு, அவற்றுக்கு மட்டும் நிலக்கம்பி வேண்டாமா என்று சிலர் வினவலாம். ஒரு சதுரத்துள் மற்றொரு சதுரம் வரைந்த குறி உள்ள கருவி, இரட்டைக் காப்புறையோடு செய்யப்பட்டது. நிலக்கம்பியின்றி இயங்கவே வகுக்கப்பட்டது. முப்பல் செருகியோடு வந்த கருவி அவ்வாறு செய்யப்பட்டதன்று. ஆகவே ஒன்றைக் காட்டி மற்றொன்றுக்கு விலக்குத் தேடலாகாது.

ரீங்காரத்தைத் தீர்க்கும் நேர்வழி

நிலக்கம்பியைத் தொடாமலே ரீங்காரத்தை நீக்க முறையான வழிகள் உண்டு. நோயைக் கண்டறியும் மருத்துவரைப் போல ஒவ்வொன்றாகச் சோதித்தல் வேண்டும்.

முதலாவது, ஆம்ப்ளிபயருக்கு வரும் எல்லா ஒலிக்கம்பிகளையும் கழற்றிவிட்டுக் கேட்க வேண்டும். அப்போதும் ரீங்காரம் இருந்தால் குறை ஆம்ப்ளிபயரின் உள்ளேயே இருக்கிறது; அதைப் பழுது பார்ப்பவரிடம் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, ரீங்காரம் நின்றிருந்தால், கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக மாட்ட வேண்டும். எந்தக் கம்பியை மாட்டியதும் ரீங்காரம் மீள்கிறதோ, வளையம் அதன் வழியே மூடுகிறது. அலைவாங்கிக் கம்பியைக் கழற்றியதும் ரீங்காரம் மறைந்தால் காரணம் ஐயமின்றி அதுவே.

மூன்றாவது, எல்லாக் கருவிகளின் செருகிகளையும் அருகருகேயுள்ள ஒரே தொகுதிச் செருகுவாய்களில் மாட்ட வேண்டும். அப்போது அவற்றின் நிலக்கம்பிகள் ஓரிடத்திலேயே கூடும், வளையம் சுருங்கிவிடும். மூன்று இரட்டைச் செருகுவாய்களை ஒரே இணைப்பில் அருகருகே வைக்கக் கூறியதன் மற்றொரு பயன் இதுதான். பல வீடுகளில் ரீங்காரம் இம்மட்டிலேயே தீர்ந்துவிடும்.

நான்காவது, இவற்றாலும் தீராதபோது, வளையத்தை ஒலிக்கம்பியின் பக்கத்தில் அறுக்க வேண்டும். அலைவாங்கிக் கம்பிக்கும் ஒலிக்கம்பிக்கும் உரிய பிரிப்பான்கள் கடைகளில் கிடைக்கின்றன. ஒளியிழைக் கம்பி உள்ள கருவிகளில் அதனைப் பயன்படுத்தினால் இன்னும் நன்று. ஒளி செல்லும் இழையில் உலோகமே இல்லையாதலால் வளையத்துக்கு வழியில்லை. ஒலிக்கம்பிகளை மின்கம்பிகளோடு கட்டாகக் கட்டாமல் ஓரடி விலக்கியும், குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகவும் அமைத்தல் வேண்டும்.

வளையத்தை எங்கே அறுப்பது என்பதிலேதான் அறிவும் அறியாமையும் வேறுபடுகின்றன. ஒலி செல்லும் கம்பியில் அறுத்தால் ஒலி தெளியும், உயிர் காக்கப்படும். நிலக்கம்பியில் அறுத்தால் ஒலி தெளியும், உயிர் காக்கப்படாது.

இடியும் மின்னலும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டில் ஏறத்தாழ 200 நாட்கள் இடி கேட்கும். உலகில் இடி மிகுந்த இடங்களுள் இதுவும் ஒன்று. மின்னல் வீட்டின்மேல் விழ வேண்டுவதில்லை. அண்மையில் விழுந்தாலே மின்கம்பி வழியும் அலைவாங்கி வழியும் தொலைபேசி வழியும் ஓர் அழுத்த அலை புகுந்துவிடும். ஆம்ப்ளிபயரும் தொலைக்காட்சியும் அதற்கு முதற்பலி.

மின்னலை அடக்கும் துணைப் பலகைகள், மிகுந்த அழுத்தத்தை நிலக்கம்பிக்குத் திருப்பிவிடுவதன் வாயிலாகவே பெரும்பாலும் வேலை செய்கின்றன. நிலக்கம்பி இல்லாத வீட்டில் இத்தகைய பலகைக்கு எவ்வளவு விலை கொடுத்தாலும் அது தன் கடமையைச் சரிவரச் செய்ய இயலாது. மின்பலகையிலேயே பொருத்தப்படும் அடக்கி, வீடு முழுவதற்கும் முதற்காவல். துணைப் பலகை இரண்டாங்காவல். இவற்றின் உள்ளுறுப்பு ஒவ்வோர் அடியிலும் தேய்ந்துவிடுவதால், காட்டி விளக்கு அணைந்ததும் மாற்ற வேண்டும். இவை எல்லாம் இருந்தாலும், வானம் இருளும்போதே செருகியையும் அலைவாங்கிக் கம்பியையும் கழற்றி வைப்பதற்கு ஈடான காவல் வேறில்லை. இடி தொடங்கிய பின் கம்பிகளைத் தொடுதல் கூடாது.

எதற்கு முதற்செலவு?

கையில் ஓரளவு பணம் உள்ள குடும்பம் அதனை எந்த வரிசையில் செலவிடுவது என்பதை இவ்வாறு தொகுத்துரைக்கலாம். முதற்செலவு, சான்றிதழ் பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்து நிலக்கம்பியின் தடையையும், மின்கசிவுத் துண்டிப்பானையும், செருகுவாய்களில் கம்பிகள் இடம் மாறாமல் உள்ளனவா என்பதையும் கருவியால் அளக்கச் செய்தல். இரண்டாவது, 100 மில்லி ஆம்பியர்த் துண்டிப்பான் மட்டும் உள்ள வீட்டில் செருகுவாய்களுக்கு 30 மில்லி ஆம்பியர்த் துண்டிப்பானை அமைத்தல். மூன்றாவது, தொலைக்காட்சிச் சுவருக்குத் தனி இணைப்பும் போதிய செருகுவாய்களும். நான்காவது, மின்பலகையில் மின்னல் அடக்கி. ஐந்தாவது, ஒலிப்பெட்டிகளுக்குத் தடித்த செம்புக் கம்பி. இவ்வைந்தும் முடிந்த பின்னும் பணம் மிஞ்சுமாயின், அதனை நல்ல ஒலிப்பெட்டி வாங்கச் செலவிடலாம். பொன்முலாம் பூசிய செருகுவாய் இவ்வரிசையில் எங்கும் இடம்பெறுவதில்லை.

சுவரைத் திறந்து கம்பி மாற்றும் வேலையை வீட்டுக்காரரே செய்தல் சட்டத்துக்கும் புறம்பு, அறிவுக்கும் புறம்பு. ஆனால் பார்க்கவும் கேட்கவும் எவருக்கும் தடையில்லை. மின்கசிவுத் துண்டிப்பானில் ‘டி’ என்று குறித்த சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்ப்பது ஒவ்வொரு வீட்டாரும் செய்யக்கூடியது. அழுத்தியதும் மின்சாரம் நிற்க வேண்டும். நில்லாவிட்டால் அன்றே வயர்மேனை அழைக்க வேண்டும். பள்ளியில் மின்சாரப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், ஓமின் விதியோடு இச்சிறு பொத்தானைப் பற்றியும் மாணவர்க்கு எடுத்துரைப்பாராயின், அவ்விதி கரும்பலகையில் நின்றுவிடாமல் மாணவரின் வீட்டுச் சுவர்வரை சென்று பயன் தரும்.